மான்கொம்பு மாளிகை

மே 11, சனி

என் கணவர் பேனாட்டின் தமையன் ஜூலியன் அத்தான், ரொறன்ரோவுக்கு வடக்கே ஏரிக்கரையில் ஒரு பழைய வேட்டை மாளிகை வாங்கியிருக்கிறார். விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டடமாம். கலியாண மண்டபமாக்கப் போகிறாராம். முதல் கலியாணம் அவருடைய மகள் ஸ்டெபனிக்கு, செப்டெம்பரில். படம் கீறித் தரவேண்டியவள் குடும்பத்தின் ஒரே ஆர்க்கிடெக்ட், நான். கேட்கவில்லை, அறிவித்தார்.

மே 26, ஞாயிறு

பேனாட்டும் நானும் போய் மாளிகையை அளந்துவிட்டு வந்தோம். இப்படியொரு பாசாங்கை நான் கண்டதில்லை. வருடத்தில் சில கிழமை மான் சுட வந்தவர்களுக்கு ஒரு கோபுரம்! எதற்கு? மான் படையெடுத்து வருகிறதா என்று பார்க்கவா? கூரை விளிம்பெல்லாம் மரத்தில் அறுத்த சரிகை வேலைப்பாடு. துப்பாக்கிகளுக்குத் தனியறை. செத்த மானைத் தொங்கவிட, வடக்குப் பக்கத்தில் காற்றோட்டமாக இன்னொன்று. வேலைக்காரருக்கோ குனிந்து ஏறும் பின்படி, ஜன்னலே இல்லாத நடைவழி. துரைமாரின் கண்ணில் படாமல் சூப் கொண்டுபோக வேண்டுமல்லவா.

அத்தான் அந்தப் படியைத்தான் மெச்சினார். "கேட்டரிங் பெடியளுக்கு நல்ல வசதி, கிளடிஸ். விருந்தாளியளின்ர கண்ணில அவையள் படாயினம்."

துரை மாறிவிட்டார். படி அப்படியேதான்.

ஜூன் 8

சுவர்களில் இருக்கிற மான்கொம்புகள் அத்தானுக்குப் போதாதாம். பிளாஸ்டிக்கில் இன்னும் ஓடர் பண்ணியிருக்கிறார்.

ஜூலை 6

கூடத்தின் நடுவில் நெருப்படுப்பும் புகைபோக்கியுமாக நிற்கும் செங்கல் சுவரை எடுக்கவேண்டுமாம், டான்ஸ் ஃப்ளோருக்கு. அந்த வீட்டில் பொய் சொல்லாத ஒரே பொருள் அதுதான். மேல்தளத்து உத்தரங்கள் இரண்டு பக்கத்தாலும் வந்து அதில்தான் தங்குகின்றன. ஏலாது என்றேன்.

"நூறு வருசத்துக்கு மேல நிண்ட வீடு. நீர் பயப்பிடாதையும்."

"அந்தச் சுவரிலதானே நிண்டது, அத்தான்?"

வீட்டு வாசலில் பேனாட் காரை நிறுத்தினார். பிறகு, "அண்ணையோட கொஞ்சம் பணிஞ்சு கதைச்சிருக்கலாம்."

நான் பணியிறன், சரி. உத்தரம் பணிஞ்சால்?

செப்டெம்பர் 1

சுவரை உடைத்துவிட்டார். என் படமும் இல்லை, யாருடைய அனுமதியும் இல்லை. அதற்குப் பதில் உத்தரங்களைத் தாங்க இரண்டு இரும்புக் குழாய், அவற்றைச் சுற்றிப் பிளாஸ்டிக் ரோஜா. மேலே போய்ப் பார்த்தேன். அறைக் கதவுகள் நிலையில் இறுகி மூட மறுக்கின்றன. தரை நடுவில் தொய்ந்திருக்கிறது. கலியாணத்தன்று சின்னப்பிள்ளைகளை அங்கேதான் படுக்கவைக்கப் போகிறார்களாம். கீழே முழுச் சனமும் ஆடும்.

"கலியாணம் முடியட்டும், பாப்பம்" என்றார் அத்தான்.

"ஒரு நாள்தானே" என்றார் என் கணவர்.

ஒரு நாள்! விழுறதுக்கு எத்தினை நாள் வேணுமாம்?

செப்டெம்பர் 3

அந்த ஊர்ச் சபையின் கட்டடப் பகுதிக்குப் போன் எடுத்தேன். சுவரை உடைத்ததைச் சொல்லி, என் பெயரையும் கொடுத்தேன்.

செப்டெம்பர் 5

மாளிகைக் கதவில் நோட்டீஸ் ஒட்டி மூடிவிட்டார்கள்.

"என்ர பிள்ளையின்ர கலியாணத்தில மண்ணை அள்ளிப் போட்டிட்டீர்" என்றார் அத்தான். பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

செப்டெம்பர் 14, சனி

கலியாண விருந்து ரொறன்ரோ மோர்னிங்சைட்டில், ஒரு தேவாலய மண்டபத்தில். பேனாட்டின் சேர்ட்டை நான்தான் அயன் பண்ணிக் கொடுத்தேன். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. தனியே போனார்.

பெப்ரவரி 23, ஞாயிறு

ஸ்டெபனி வந்தாள். கலியாணத்துக்குப் பிறகு இன்றுதான் முதன்முறை. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"சித்தி, அந்த ஹன்டிங் லொட்ஜில மேல் ஃப்ளோர் விழுந்திட்டுது. உள்ள ஒருத்தரும் இல்லை, தேங்க் காட். அப்பா எல்லாருக்கும் ஸ்னோவாலதான் எண்டு சொல்றார்."

ஸ்னோவாம்! கூரையை விட்டுவிட்டு, உள்ளே புகுந்து மேல்தளத்தை மட்டும் தேடி விழுத்திய ஸ்னோ. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐ ஹேட்டட் யூ, சித்தி" என்று அவள் அழத் தொடங்கியதும் நின்றுபோனது. உள்ளே இழுத்து உட்காரவைத்தேன்.

அத்தானின் போன் பேனாட்டுக்கு வந்தது. அதே ஸ்னோக் கதை. பேனாட் இடைமறித்தார்.

"ஸ்னோ இல்லை அண்ணை. நீங்கள் உடைச்ச சுவர். கிளடிஸ் அப்பவே சொன்னவள்."

போனை வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். சீனியை அள்ளிக் கொட்டியிருந்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.