சோபியாவில் தாளித்தேன், அக்கா

அக்கா,

கீழ் வீட்டில் இன்று காலையிலிருந்தே மிளகாய் சுடுகிறார்கள். நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு அங்கே குடிவந்த பல்கேரியக் குடும்பம். பெரிய சிவப்புக் கறிமிளகாய்களைப் பல்கனியில் வைத்துச் சுட்டு, கருகின தோலை உரித்துப் போத்தல்களில் அடைக்கிறார்கள். மணம் நேரே மேலே ஏறி எங்கள் குசினிக்குள் வந்து குந்திவிட்டது. ஸ்டுட்கார்ட்டில் வேறு எவராவது இப்படிச் செய்திருந்தால் இந்நேரம் வீட்டுச் சொந்தக்காரருக்கு முறைப்பாடு போயிருக்கும். நான் வெங்காயம் வெட்டின கையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

இந்த மணம் உங்களுக்குத் தெரியும். இது என்ன மணம் என்று கண்டுபிடிக்க நாங்கள் இரண்டு பேரும் எத்தனை நாள் மண்டையைப் போட்டு உடைத்திருப்போம்!

பல்கேரியத் தலைநகர் சோபியாவில் அந்த வீட்டுக்குள், காசு வாங்கிக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரனின் ஆள் எங்களைக் கொண்டுபோய் விட்டதும் இதே காலத்தில்தான். நான் ஜேர்மனியில் எனக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளையிடம் வந்துகொண்டிருந்தேன். நீங்கள் கலியாணம் முடிந்த கையோடு பிரிந்துபோன கணவரிடம். விமானத்தில் ஏறும்வரைக்கும் எனக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு என்னைத் தெரியாது. என்னைவிட இரண்டோ மூன்றோ வயதுதான் உங்களுக்குக் கூட. நான் "அக்கா" என்று கூப்பிட்டதும் உங்களுக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ன அக்கா? எனக்கென்ன தலை நரைச்சுப் போச்சோ?" என்று கேட்டீர்கள். அதற்காகவே நான் கடைசிவரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கதவை வெளியால் பூட்டுவதற்கு முன்னர் அந்த ஆள் வாசலில் நின்று சட்டம் சொன்னான். "யன்னல் சீலையை விலக்காதேங்கோ. செருப்போட நடக்காதேங்கோ. கதைக்கிறதெண்டா மெல்லக் கதையுங்கோ. சமைக்கலாம், ஆனா தாளிக்கக் கூடாது. கறி மணந்தா பக்கத்துச் சனம் பொலிசுக்குப் போன் அடிச்சிடும்."

அவன் படி இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "நடக்காத எண்டான், சரி. கதைக்காத எண்டான், அதுவும் சரி. தாளிக்காத எண்டு சொல்ல இவன் ஆர்?"

ஒரு கிழமை என்றுதான் சொன்னார்கள். மிளகாய் மணம் ஓய்ந்து, பனி கொட்டி, அந்தப் பனி உருகி ஓடத் தொடங்கியபோதுதான் எங்களை அங்கிருந்து எடுத்தார்கள்.

பார்க்க விடாத ஊரை நீங்கள் காதாலேயே கட்டி எழுப்பினீர்கள். ட்ராம் வளைவில் திரும்பும்போது கிணற்றுக் கப்பி மாதிரி ஒரு சத்தம் வரும். "அதில சந்தி ஒண்டு இருக்கு. சந்தியெண்டா தேத்தண்ணிக் கடை இல்லாமல் இருக்குமே?" என்பீர்கள். மணிச் சத்தம் வந்த பக்கத்தில் கோயில் வைத்தீர்கள். காலையில் வெறும் போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தத்தோடு ஆட்கள் கீழே நடந்து போவார்கள். "பாரும், விடிஞ்சும் விடியாமலும் போத்தலோட போகுதுகள். குடிகார ஊர் இது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். யன்னலுக்கு அப்பால் காகம் கரைந்தால் எங்கள் இருவருக்கும் பைத்தியம் பிடித்துவிடும்.

"ஆரோ விருந்துக்கு வரப்போகினம் போல."

"இஞ்ச ஆரக்கா வருவினம்? பொலிஸ்தான் வருவான்."

"வரட்டுமே. அவனுக்கும் எங்கட தாளிக்காத பருப்பைக் குடுப்பம். ஒரு வாய் வைச்சானெண்டா வந்த வழியால திரும்பி ஓடிடுவான்."

சிரிப்புச் சத்தம் வெளியே போய்விடும் என்று தலையணையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஆனால் அந்த வீடு என்னைத் தின்றுகொண்டிருந்தது, அக்கா. நீங்கள் நித்திரையாகக் கிடக்கும்போது நான் போய்க் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பேன். தள்ள மாட்டேன். சும்மா வைத்திருப்பேன். தண்ணீர்க் குழாயைச் சத்தம் வராமல் திறக்கவும், குதிக்கால் தரையில் படாமல் நடக்கவும், மூக்கை உறிஞ்சாமல் அழவும் அங்கேதான் பழகினேன். நீங்கள் ஒன்றையும் பழகவில்லை. அந்த ஆள் வரும்போதெல்லாம் உங்களுக்கும் அவனுக்கும் சண்டைதான்.

பிறகு அந்த மத்தியானம். நான் உடுப்பு அலம்பிக்கொண்டிருந்தேன். குசினியில் சட சடவென்று கடுகு வெடித்தது. ஓடிவந்து பார்த்தால் நீங்கள் தாச்சியில் எண்ணெயை விட்டு, ஊரிலிருந்து சேலைக்குள் முடிந்து கொண்டுவந்த கடுகையும் செத்தல் மிளகாயையும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறீர்கள். நான் குசினியின் சின்ன யன்னலை அடித்துச் சாத்தப் பாய்ந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்து, "விடும், மணக்கட்டும்" என்றீர்கள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

எங்கள் ஆள் என்றால் திறப்பைப் போட்டுத் திறப்பான். இது வேறு யாரோ. திரும்பவும் தட்டினார்கள். ஏதோ கேட்டார்கள், ஆண் குரல். நான் குசினி மூலையில் குந்தி, முழங்காலைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறையும் தட்டிவிட்டுப் போனார்கள். அன்று முழுக்கப் பொலிசுக்காகக் காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. அடுத்த நாள் அந்த ஆள் வந்து, மணத்தைப் பிடித்துவிட்டு, கத்தாமல் கத்தி எண்ணெய்ப் போத்தலையே தூக்கிக்கொண்டு போனான். நீங்கள் அவனுக்குச் சொன்னது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை: "கடுகு வெடிச்சதுக்கு வந்து கதவு தட்டுறாங்கள். அங்க எங்கட ஊரில குண்டு வெடிச்சதுக்கு ஒருத்தரும் வந்து தட்டேல்லையே!"

அன்று நீங்கள் எனக்கு ஒரு வாக்குத் தந்தீர்கள். என்னிடமும் வாங்கினீர்கள். ஒருநாள் இரண்டு பேரும் சொந்தப் பாஸ்போட்டில் இதே ஊருக்கு வருவோம். வீடெடுப்போம். யன்னலை அகலத் திறந்து வைத்துத் தாளிப்போம்.

ஜேர்மனிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அகதி வழக்கு முடியும்வரைக்கும் அவரவர் மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். நீங்கள் பக்கத்து மாவட்டம், ஒரு பஸ் தூரம். அந்தப் பஸ்ஸில் ஏற ஏலாது. தொலைபேசியில் நீங்கள் சிரித்தீர்கள்: "சோபியாவே திறம் போல கிடக்கு. அங்க ஒரு பூட்டுக்குள்ள ரெண்டு பேர் இருந்தம். இஞ்ச ஆளுக்கொரு பூட்டு." பிறகு வதிவிட உரிமை கிடைத்தது, பிள்ளைகள் வந்தார்கள், நீங்கள் பேக்கரியில் அதிகாலை வேலைக்கும் நான் பள்ளிக்கூடக் குசினிக்கும் ஓடத் தொடங்கினோம். ஒவ்வொரு கோடையிலும் "இந்த முறை சோபியா" என்றோம். ஒவ்வொரு கோடையிலும் ஊருக்குப் போகவோ, கலியாண வீட்டுக்குப் போகவோ ஏதாவது வந்து சேர்ந்தது. கடைசியில் உங்கள் சிறுநீரகம் கைவிட்டு, இரத்தம் சுத்தம் செய்யும் மிசினோடு உங்களைக் கட்டிப்போட்டுவிட்டது. கிழமையில் பாதி நாள் அந்தக் கதிரையில். ஊசியைக் காட்டி, "இதுதான் என்ர புது ஏஜென்சிக்காரன். எழும்பாத, ஆடாத எண்டு ஒரே சட்டம்" என்பீர்கள்.

கடைசி வசந்தத்தில் நான் கொண்டுவந்த சாப்பாட்டைத் திறந்து ஒரு வாய் வைத்துவிட்டு என்னையே பார்த்தீர்கள்.

"இதென்ன பருப்பு? ஆசுபத்திரிப் பருப்பு இதைவிடத் திறமாயிருக்கு. இஞ்சரும், நீர் இன்னும் தாளிக்கிறேல்லையோ?"

நான் ஏதேதோ சொன்னேன். புகைமணி அடிக்கும், மேல் வீட்டுக்காரிக்கு ஆகாது, குளிர்க் கோட்டில் மணம் பிடித்துவிடும். எல்லாம் உண்மைதான். நீங்கள் நம்பவில்லை.

"எங்கட கதவு எப்பவோ திறந்தாச்சு. நீர்தான் இன்னும் வெளியில வரேல்ல" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டுப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டேன். நீங்கள் அதைப் பறித்து, குறை சொல்லிச் சொல்லி முழுவதையும் சாப்பிட்டீர்கள்.

அந்தக் கோடையிலேயே போய்விட்டீர்கள். எரியூட்டும் மண்டபத்தில் உங்கள் மகன் கற்பூரம் கொளுத்தக் கேட்டான். புகைமணி அடித்துவிடும், கூடாது என்றார்கள். கொளுத்தாத கற்பூரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு எல்லோரும் வரிசையில் நின்றோம். உங்களுக்குக்கூட மணக்க அனுமதியில்லை. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

பிறகுதான் கீழ் வீட்டுக்காரர் வந்தார்கள். போன வருஷம் முதல்முறையாக மிளகாய் சுட்டார்கள். அந்த மணம் மேலே வந்த அன்றே மகளிடம், "சோபியாவுக்கு டிக்கட் போடு" என்றேன். அவள், "அம்மா, எல்லாரும் பாரிசுக்குப் போகினம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

அக்கா, நாங்கள் கேட்ட ஊரை நான் கண்ணால் பார்த்தேன். தங்கக் கூரைக் கோயில் இருக்கிறது. மஞ்சள் கல் பதித்த தெரு இருக்கிறது. ஊர் முடியும் இடத்தில் ஒரு பெரிய மலை நிற்கிறது. மலை ஓசை போடாது என்பதால் உங்களுக்கு அது தெரியாமல் போய்விட்டது. எங்கள் காகங்களுக்கு உடம்பு சாம்பல் நிறம், கறுப்புத் தலையும் கறுப்புச் செட்டையும் வைத்துக்கொண்டு வாத்தியார் மாதிரி நடக்கின்றன. அந்தப் போத்தல்காரர் குடிகாரர் இல்லை. ஊர் நடுவில், பழைய குளியல் மண்டபத்துக்குப் பக்கத்தில், நிலத்திலிருந்து சுடுதண்ணீர் வருகிறது. வரிசையாகக் குழாய் வைத்திருக்கிறார்கள். சனம் காலையிலேயே வெறும் போத்தல்களோடு வந்து நிரப்பிக்கொண்டு போகிறது. நான் கையை நீட்டினேன், நல்ல இளஞ்சூடு. பல்லுக் கிட்டக் கிட்ட நாங்கள் பச்சைத் தண்ணீரில் குளித்துக் கிடந்தோமே! அந்த நேரத்தில் இந்தத் தண்ணீர் இங்கே சும்மா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் குழாயடியில் நின்று நான் அழுதேன். மூக்கை உறிஞ்சி, சத்தமாக. மகள் பயந்துபோனாள்.

எங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க ஏலவில்லை. கப்பிச் சத்தம் போடும் வளைவுகள் பல இருந்தன. எல்லா வளைவிலும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கட்டடங்கள். ஆனால் அப்படி ஒரு வளைவுக்குப் பக்கத்தில்தான் மகள் வாடகைக்கு வீடு பிடித்திருந்தாள். சுவரில் வீட்டுக்காரரின் சட்டங்கள் ஒட்டியிருந்தன. மகள் வாசித்தாள்: புகைக்க வேண்டாம், சத்தம் வேண்டாம், கடும் மணமுள்ள சமையல் வேண்டாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பாணும் வெள்ளைக் கட்டிச் சீஸும் தின்றோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் என்னையே பார்த்துவிட்டு, "அம்மா, ஏன் குசுகுசுக்கிறீங்கள்? ஆரும் படுத்திருக்கினமே?" என்று கேட்டாள். பார்த்தால் யன்னல் சீலை முழுக்க இழுத்து மூடிக் கிடக்கிறது. வெளியே நல்ல வெயில். மூடினது நான்தான். எப்போது மூடினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சொந்தப் பாஸ்போட் கைப்பைக்குள் இருக்கிறது, திறப்பு மேசையில் இருக்கிறது, நான் இன்னும் அந்த மூலையில்தான் குந்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. நீங்கள் சொன்னது சரி. நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டுச் செத்துப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பருப்பு வைத்தேன். யன்னலை அகலத் திறந்தேன். பையிலிருந்து கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். "அம்மா, அந்தச் சட்டம்..." என்றாள் மகள். "அவர் வந்து கேக்கட்டும்" என்றேன். எண்ணெய் காய்ந்தது. போட்டேன். கடுகு வெடித்தது, மிளகாய் கருகிப் புகை கிளம்பியது, இரண்டு பேரும் இருமினோம்.

கதவு தட்டப்பட்டது.

பகிடியில்லை, அக்கா. தட்டினார்கள். என் கால் தானாகக் குசினி மூலையைப் பார்த்துத் திரும்பியது. மகள் எழும்பினாள். "இரு, நான் திறக்கிறன்" என்று எப்படிச் சொன்னேனோ தெரியாது. திறந்தேன்.

செருப்பும் கம்பளிச் சட்டையுமாக ஒரு வயதான மனிதர், முன் வீட்டுக்காரர். படபடவென்று ஏதோ கேட்டார். மகள் கைத்தொலைபேசியை நீட்டினாள். அது அவர் சொன்னதை ஜேர்மனில் சொன்னது: "ஏதாவது எரிகிறதா? உதவி வேண்டுமா?"

அவ்வளவுதான் கேட்டார்.

நான் பருப்பில் ஒரு கிண்ணம் அள்ளி நீட்டினேன். வாசலிலேயே நின்று ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். "இல்லையம்மா, இந்த ஊரில அப்பிடி ஆட்டினா ஓம் எண்டு அர்த்தம்" என்றாள் மகள். கிண்ணத்தையும் கொண்டே போய்விட்டார்.

அன்றைக்கு எங்கள் கதவைத் தட்டினவரும் இதைத்தான் கேட்டாரோ, அக்கா? புகையைக் கண்டு, உள்ளே யாரோ எரிந்துபோகப் போகிறார்கள் என்று ஓடிவந்து, மூன்று முறை தட்டி, பதில் வராமல் திரும்பிப் போனாரோ? எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது. ஆனால் அந்தக் குரலுக்கு இவ்வளவு காலமும் ஒரு பொலிஸ் தொப்பியைப் போட்டு வைத்திருந்தது நான்தான். யன்னலில் நின்று, தெருவில் போகிற சனம் எல்லாம் அண்ணாந்து பார்க்க, "அக்கா!" என்று ஒரு முறை கூப்பிட்டேன். அந்த ஊரில் உங்களை நான் உரத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

இப்போது கீழே இரண்டாவது கூடை மிளகாயைச் சுடத் தொடங்கிவிட்டார்கள். என் அடுப்பிலும் பருப்பு அவிந்துவிட்டது. எண்ணெயை வைத்துவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அக்கா: இன்றைக்கும் கை முதலில் போனது யன்னலைச் சாத்தத்தான். பாதி சாத்தியும் விட்டேன். அப்போது நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"விடும், மணக்கட்டும்."