கடைசியில் வாசிக்க வேண்டியது

மார்ச் 3, செவ்வாய்

இசை விழா நிகழ்ச்சிக் குழுக் கூட்டம். மாலை நான்கு முதல் ஆறே கால் வரை. எட்டுக் கச்சேரிகளில் ஏழுக்கு வரிசை முடிவாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் மக்களுக்குப் பழகிய படைப்புகள் இரண்டு, நடுவில் யாரும் கேட்டிராத ஒன்று. இந்த ஏற்பாடு நான் கொண்டுவந்தது. பன்னிரண்டு வருஷமாக நடக்கிறது. புதியதை முதலில் வைத்தால் தாமதமாக வருகிறவர்கள் தவறவிடுவார்கள். கடைசியில் வைத்தால் எழுந்து போய்விடுவார்கள். நடுவில் வைத்தால் இடைவேளை வரை உட்கார்ந்துதான் ஆக வேண்டும். வாழைப்பழத்துக்குள் மாத்திரையை வைத்துக் கொடுக்கிற மாதிரி. குழுவில் அதற்குப் பேரே மாத்திரைதான். தலைவர் கேட்பதே அப்படி: "புதன்கிழமைக்கு என்ன மாத்திரை?"

புதன்கிழமை நால்வர் குழு. இரண்டு வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு வியோலா, ஒரு செல்லோ. முதல் வயலின்காரர் எழுந்து, இசைப் பள்ளியில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுதிய படைப்பை எடுத்திருப்பதாகச் சொன்னார். நான்கு பகுதிகள், இருபத்தேழு நிமிடம். இதுவரை எங்கும் வாசிக்கப்படாதது. பெயரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தேன்.

அண்ணி.

அவர் எழுதுவது எனக்குத் தெரியும். ஒரு தடவைகூட நான் அதை இந்த மேஜைக்குக் கொண்டுவந்ததில்லை. சொந்தக்காரர்களுக்கு இடம் பிடிக்கிறான் என்று பேச்சு வருமே. உறவை உடனே சொன்னேன். தலைவர் சிரித்தார்.

"நீங்களா கொண்டுவந்தீங்க? அவர்தானே. அண்ணியா இருந்தா என்ன இப்போ? மாமியாரா இருந்தாத்தான் யோசிக்கணும்."

நான் கை தூக்கவில்லை. மற்றவர்கள் தூக்கினார்கள். நிறைவேறியது.

மார்ச் 7, சனி

அண்ணி வீட்டுக்குப் போனேன். அண்ணன் போனபிறகு சாப்பாட்டு மேஜை முழுவதும் இசைத்தாள்தான். சாப்பிடுவது ஜன்னல் விளிம்பில் தட்டை வைத்துக்கொண்டு. விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. பென்சிலைச் சீவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"ஒரே ஒரு கண்டிஷன் தம்பி. நடுவுல வெக்காதே."

"ஏன் அண்ணி?"

"பன்னெண்டு வருஷமா ஆறாவது வரிசையில உக்காந்து பாக்கறேனே. நடுவுல வர்றதுக்கு ஜனங்க உக்காந்திருக்கற அழகு எனக்குத் தெரியாதா? பல் டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கின மாதிரி. கடைசில வை. போறவங்க போகட்டும். இருக்கறவங்க இருக்கணும்னு இருக்கட்டும்."

"நாலு பேர்தான் இருப்பாங்க."

"வாசிக்கறதும் நாலு பேர். கணக்கு சரியாப் போச்சு."

வாக்குக் கொடு என்றார். கொடுத்தேன்.

மார்ச் 12, வியாழன்

தலைவர் ஒத்துக்கொண்டார். முதலில் ஒரு சிறிய பழைய படைப்பு, அடுத்து எல்லாருக்கும் மனப்பாடமான அந்தப் பெரியது, பிறகு இடைவேளை, கடைசியில் அண்ணி எழுதியது. அச்சுக்குப் போயிற்று.

மே 15, வெள்ளி

விழாவின் மூன்றாம் நாள். பியானோக்காரருக்கு விமானம் பிடிக்க வேண்டியிருந்ததால் வரிசை மாறியது. அவர் வாசிக்கிற பிரபலமான படைப்பு முன்னால், புதிய படைப்பு இடைவேளைக்குப் பின்னால். மொத்தம் 412 இருக்கைகள், வந்தவர்கள் 388. இடைவேளை மணி மூன்று தடவை அடித்தபிறகு வாசலில் நின்று எண்ணினேன். உள்ளே இருந்தவர்கள் 94.

அதை எழுதியவர் வெளியூர்க்காரர். ஓரச் சுவரில் சாய்ந்து நின்றார். புதுச் சட்டை, காலருக்குள் இருந்த அட்டையை எடுக்க மறந்திருந்தார். காலியான வரிசைகளை ஒரு தடவை பார்த்தவர், பிறகு மேடையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. முடிந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்கள் நன்றாக ரசித்தார்கள் என்றேன். "எந்த வந்தவங்க?" என்றார்.

காரில் ஏறும்போது தலைவர் சொன்னார்: "புதன்கிழமையை நினைச்சாத்தான் எனக்குக் கவலையா இருக்கு. உங்க அண்ணி வேற."

எனக்கும்தான்.

மே 18, திங்கள்

என் மனைவியிடம் சொன்னேன். "அண்ணிக்கிட்டயே போய்ப் பேசுங்க, மாத்தட்டுமான்னு" என்றாள். போகவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

மே 20, புதன்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஐந்து நாற்பதுக்கு ஒப்பனை அறைக்குப் போனேன். நால்வரும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். முதல் வயலின்காரர் வில்லைத் தாழ்த்தினார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க."

எவ்வளவு சுலபமாக வந்தது. முப்பத்தொரு வருஷம் செய்தியாளனாக இருந்தேன். ஒருவர் சொல்லாத வார்த்தையைச் சொன்னதாக ஒரு வரி எழுதியதில்லை. இன்று எழுதவில்லை — வாயால் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறு மணிக்கு மேடையேறி, வரிசையில் சிறு மாற்றம் என்று அறிவித்தேன். அண்ணி அதே ஆறாவது வரிசையில். அந்தப் பக்கம் திரும்பாமலே இறங்கிவிட்டேன்.

401 பேர். அண்ணி எழுதியது ஆறு பதினெட்டுக்குத் தொடங்கி ஆறு நாற்பத்தாறுக்கு முடிந்தது. வெளியே போனவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் இருமல் தாங்காமல். இருமியவர்கள் பதினான்கு. கைப்பேசி ஒரு தடவை. கைதட்டல் நாற்பது விநாடி. முதல் வயலின்காரர் அண்ணியைக் காட்டி எழுந்திருக்கச் சொன்னார். அண்ணி எழுந்திருக்கவில்லை. கூச்சம் என்று நினைத்துக்கொண்டு கூட்டம் இன்னும் கொஞ்சம் தட்டியது.

தலைவர் என் தோளைத் தட்டினார். இடைவேளையில் அண்ணியைத் தேடினேன். நாற்காலியில் நிகழ்ச்சித்தாள் மட்டும் இருந்தது.

மே 21, வியாழன்

காலையில் போனேன். கதவைத் திறந்தார்; உட்காரச் சொல்லவில்லை.

"அரங்கம் நிறைஞ்சிருந்தது அண்ணி. நானூத்தியொரு பேர்."

"எண்ணினியா?"

"ம்."

"சரி, நீயே சொல்லு. அதுல எத்தனை பேர் எனக்காகத் தட்டினாங்க, எத்தனை பேர் அப்பாடா முடிஞ்சுதேன்னு தட்டினாங்க?"

அதை நான் எண்ணியிருக்கவில்லை.

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே தம்பி கடைசில வெக்கச் சொன்னேன். நாப்பது வருஷமா எழுதறேன். இது கேக்கறதுக்கு ஆகுமா ஆகாதான்னு ஒரே ஒரு தரம் தெரிஞ்சுக்கணும்னு இருந்தது. நீ எனக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்துட்டே. எழுபத்தோரு வயசாச்சு. இன்னொரு தரம் யார் போடப்போறா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. விலாசம் சொல்கிற மாதிரி சொன்னார்.

என்ன பண்ணித் தொலைச்சேன். நல்லதுக்குன்னு செஞ்சேன்னு சொல்லக்கூட முடியலையே. யாருக்கு நல்லதுக்கு? காலி நாற்காலிக்கு முன்னால அவங்க நிக்கறதைப் பாக்க எனக்குத்தான் தெம்பில்லை.

மே 24, ஞாயிறு

முதல் வயலின்காரருக்கு நானே போன் செய்து, அண்ணி சம்மதிக்கவே இல்லை என்று சொன்னேன். "நீங்க சொன்னா அது சொன்னதுதான்னு நம்பி வாசிச்சோம் சார்" என்றார். வைத்துவிட்டார்.

தலைவரிடமும் சொன்னேன். "இதுக்குப் போயா? நல்லபடியாத்தானே முடிஞ்சது. விடுங்க" என்றார்.

அவர் அப்படி விட்டதுதான் உறுத்துகிறது.

ஜூன் 2, செவ்வாய்

அண்ணி விழா அலுவலகத்துக்கே வந்தார். என்னைப் பார்க்க இல்லை. நால்வருக்கும் கொடுத்த இசைத்தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள. துணிப்பை கொண்டுவந்திருந்தார். அலுவலகத்துக்குத் திரும்பி வந்திருந்த உறையில் மூன்று பேருடையதுதான் இருந்தது. வியோலாவுடையது இல்லை.

அலுவலகப் பெண் வியோலாக்காரம்மாவுக்கு போன் போட்டு அண்ணியிடம் கொடுத்தாள். சின்ன அறை, அந்தப் பக்கம் பேசியது எல்லாருக்கும் கேட்டது.

"தர மாட்டேம்மா. கோவிச்சுக்காதீங்க. நான் இன்னும் அதை வாசிக்கவே இல்லை."

"அன்னிக்கு வாசிச்சீங்களே."

"அன்னிக்கு எங்க வாசிச்சேன்? ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணிக்கிட்டு விழாம வந்து சேர்ந்தேன். பழைய பீஸெல்லாம் இருநூறு தரம் வாசிச்சிருக்கோம், கை தானாப் போகும். இதை ஆறு தரம்தான் வாசிச்சிருக்கோம். மூணாவது பகுதியில என்னமோ இருக்கும்மா. அது என்னன்னு தெரியாம தர மாட்டேன்."

அண்ணி போனை வைத்தார். துணிப்பைக்குள் போட்ட மூன்று பேருடைய தாள்களையும் வெளியே எடுத்து, ஓரம் சேர்த்துத் தட்டி, மேஜையிலேயே வைத்தார். "அவங்களே வெச்சுக்கட்டும்" என்று அலுவலகப் பெண்ணிடம் சொன்னார். என்னைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். "வரேன்" என்றார். அது எனக்கா, அறைக்கா?

ஜூன் 9, செவ்வாய்

வாத்தியம் பழுது பார்க்கிற கடையின் பின் அறையில் ஞாயிறு நான்கு மணிக்கு நால்வரும் வாசிக்கிறார்களாம். அண்ணி எழுதியது மட்டும். கடைக் கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டியிருப்பதாக மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஜூன் 13, சனி

போன் செய்தேன்.

"நான் வரலாமா அண்ணி?"

"நீ வரக்கூடாதுன்னு கண்ணாடியில எழுதியிருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன. வரணும்னா வா. பிடிக்கலைன்னா பாதியில எழுந்து போ. அங்க யாரையும் பிடிச்சு வெக்கப்போறதில்லை."

ஜூன் 14, ஞாயிறு

நீளமான அறை. சுவர் முழுக்க கழுத்தில்லாத வயலின்கள் ஆணியில் தொங்கின. பசை வாசனை. ஒன்றுக்கொன்று பொருந்தாத நாற்காலிகள். இருபத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் முகம் தெரியாதவர்கள். தலைவரும் வந்திருந்தார், அது நான் எதிர்பாராதது.

இரண்டாம் பகுதி முடிந்ததும் நான்கு பேர் எழுந்தார்கள். அதில் தலைவர் ஒருவர். அண்ணி சுவரோரம் நின்று ஒவ்வொருவருக்கும் தலையசைத்தார், வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்புகிற மாதிரி. முகத்தில் வருத்தம் தேடினேன். இல்லை.

மூன்றாம் பகுதி.

முதலில் வியோலா மட்டும். ஒரே சுரம், மெல்ல, நீளமாக. மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அருகில் வருகின்றன, தொடாமல் நின்றுவிடுகின்றன. ஒரு சாவுச் செய்திக்குப் பிறகு வீட்டில் யார் முதலில் பேசுவது என்று எல்லாரும் காத்திருப்பார்களே, அப்படி. பேச்சு வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐந்து நிமிடம் இருக்கும்.

இதைத்தான் நான் மே இருபதாம் தேதி உட்கார்ந்து கேட்டேனா? ஒரு சுரம்கூட நினைவில்லை. வீட்டுக்கு வந்து இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். இருமல் இருக்கிறது, கைப்பேசி இருக்கிறது, விநாடிக் கணக்கில் கைதட்டல் இருக்கிறது. இசையைப் பற்றி ஒரு வரி இல்லை. பன்னிரண்டு வருஷம். நடுவில் வைத்த படைப்புகள் தொண்ணூறுக்கு மேல் இருக்கும். அவற்றில் எதையாவது நான் கேட்டிருக்கிறேனா? கூட்டத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

முடிந்ததும் உடனே யாரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து ஓர் அம்மா, யாரென்று தெரியாது, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அந்த மூணாவது இருக்கே... அதை மட்டும் இன்னொரு தரம் வாசிப்பீங்களா?"

நால்வரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். அதுவரை நின்றுகொண்டே இருந்தவர். வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு அந்தக் கையாலேயே கண்ணை மறைத்துக்கொண்டார்.

எல்லாரும் கிளம்பியபின் அருகில் போனேன்.

"அண்ணி, நான் பண்ணினது —"

"தெரியும். அதைப் பேச எனக்கு இன்னும் நாளாகும்." மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "வியாழக்கிழமை திரும்ப வாசிக்கறாங்க. நாலு மணிக்கு. அந்தம்மா யாரையோ கூட்டிட்டு வரேன்னாங்க."

ஜூன் 18, வியாழன்

அடுத்த வருஷ விழாவுக்கு முதல் கூட்டம் இன்று நான்கு மணிக்கு. எனக்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது என்று தலைவருக்கு எழுதி அனுப்பினேன். மூன்றாம் பகுதி தொடங்கியபோது நாலு பதினாறு. அதற்குப் பிறகு மணி பார்க்கவில்லை.