நீலப் பிரஷ்

செப்டம்பர் 20
இன்றோடு எண்பது முடிந்தது. என் பெண்டாட்டி கினுயோ நல்ல நாளுக்குச் செய்கிற, பயறு போட்ட சிவப்புச் சோறு சமைத்தாள். நான் தின்று முடிப்பதற்குள் டார்ச்சோடு வந்து நின்றாள்.

"வாயத் திறங்க."

மேலே பதினொன்று, கீழே ஒன்பது. மொத்தம் இருபது. "பாஸ்" என்றாள்.

எண்பது வயதில் சொந்தப் பல் இருபது இருந்தால் எங்கள் ஊர்ப் பல் மருத்துவர் சங்கம் நவம்பர் எட்டாம் தேதி பாராட்டுப் பத்திரம் கொடுத்துப் படம் எடுக்கும். கினுயோ என்னைவிட இரண்டு வயது மூத்தவள், இருபத்தாறு பல்லுக்காரி. இரண்டு வருஷமாகக் கூப்பிட்டும் அவள் போகவில்லை. "தனியா நிக்க மாட்டேன். உங்களுக்கும் எண்பது ஆகட்டும், சேர்ந்து போலாம்."

குத்திக் காட்டவில்லை, ஆனால் குத்தத்தான் செய்தது. நாற்பது வருஷம் ரயில் ஓட்டினேன். பையனின் முதல் பள்ளி நாள், கோயில் விழா, மைத்துனி கல்யாணம், எதிலும் நான் இல்லை. எங்கள் ஆல்பம் முழுக்கக் கினுயோ தனியாக நிற்கிறாள்.

செப்டம்பர் 22
பல்லுக்கு இன்று பதினெட்டு நிமிடம். பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் பிரஷ் இரண்டு. மஞ்சள் சின்னது, எல்லா இடுக்குக்கும் அதுதான். நீலம் தடியானது. இடது கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கும் அதன் முன் பல்லுக்கும் நடுவில் உள்ள பெரிய சந்துக்கு மட்டும். முடித்ததும் இரண்டையும் ஜன்னலோரம் குவளையில் நிறுத்த வேண்டும். மாட்சிமை தங்கிய கினுயோவின் சட்டம்.

ஓய்வு பெற்ற அன்று அவள் தந்த பரிசே இந்தப் பிரஷ்கள்தான். மற்றவனுக்கெல்லாம் பெண்டாட்டி கைக்கடிகாரம் கொடுத்தாள். முதல் வாரம் ஈறெல்லாம் ரத்தம், கத்தித் தீர்த்தேன். "வீங்கின ஈறுதான் ரத்தம் விடும். நிறுத்தாம செய்ங்க, நின்னுடும்." பதினைந்து நாளில் நின்றது. நின்றதை நான் சொல்லவில்லை.

அக்டோபர் 9
சங்கத்திலிருந்து படிவம் வந்தது. ஒரே தாளில் இரண்டு பேர். 29-ஆம் தேதி டாக்டர் நோசே எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். கினுயோ எனக்குக் கழுத்தில் கட்ட டை வாங்கி வந்தாள். நன்றாகத்தான் இருக்கிறது. சொன்னேன்.

அக்டோபர் 12
மடையன். எண்பது வயசு மடையன்.

கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடும் கோ ஆட்டச் சங்கத்தில் சிநேகிதன் முராசே கல் மாதிரி இருக்கும் கதயாகி ரொட்டி கொண்டுவந்தான். எங்கள் ஊரில் அதைச் சின்ன மரச்சுத்தியலோடுதான் விற்பார்கள். உடைத்துத்தான் தின்ன வேண்டும், குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் இருபது பல்லைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். பல்செட் போட்ட முராசே சுத்தியலை எடுத்துப் பையில் போட்டான்.

"ரொம்பத்தான் பீத்திக்கறே. இதில்லாம கடி பாப்போம்."

கடிச்சேன். ஏன் கடிச்சேன்? ரொட்டி உடையவில்லை. நீலம் போகிற பக்கத்துக் கடைவாய்ப் பல் ஈறு மட்டத்தில் ஒடிந்து உள்ளங்கையில் விழுந்தது. வலிகூட இல்லை. முராசேதான் வெளுத்துப் போனான்.

அக்டோபர் 13
நாக்கால் பத்துத் தடவை எண்ணினேன். பத்தொன்பது.

அக்டோபர் 14
முள்ளங்கி ஊறுகாயை ஒதுக்கினேன். வயிறு சரியில்லை என்றேன். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்து அவள் மட்டும் கறுக் மொறுக்கென்று ஊறுகாய் தின்றாள். சாயங்காலம் தன் கத்தரிப்பூ நிறக் கிமோனோவை எடுத்து வெயிலில் போட்டாள். என்ன சொல்வேன் இவளிடம்?

அக்டோபர் 16
மாட்டிக்கொண்டேன். காலையில் இரண்டு பிரஷையும் என் முன்னால் வைத்தாள்.

"மஞ்சள் தினமும் ஈரமா இருக்கு. நீலம் நாலு நாளா காஞ்சு கிடக்கு. எந்தப் பல்லு?"

வாயைத் திறந்து காட்டினேன்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எப்படிப் போச்சு?"

கதயாகி என்றேன். சுத்தியல் எங்கே என்றாள். முராசே பையில் என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படம் போனாப் போகுது. நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்" என்றாள். நீயாவது போய் நில் என்றேன். "தனியா நிக்கறதுக்குத்தான் ஆல்பம் இருக்கே" என்றாள்.

அக்டோபர் 17
டாக்டர் நோசே எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் வைத்தாள். தன் அப்பாவின் மருத்துவமனையை எடுத்து நடத்தும் பெண், சுற்றி வளைக்க மாட்டாள்.

"தாத்தா, இது எப்பவோ நரம்பு எடுத்த பல்லு, அதான் ஒடிஞ்சுது. வேர் அசையவே இல்ல. சுத்தி எலும்பும் நல்லா இருக்கு, ஈறும் நல்லா இருக்கு. இடுக்குல யாரு இப்படிச் சுத்தம் பண்ணறது?"

"நான்தான்."

"நான்தான் பண்ண வைக்கறேன்" என்றாள் கினுயோ.

வேர்மேல் கேப் போடலாமாம். அப்படியானால் பொய்ப் பல்தானே என்றேன். "வேர் உங்களோடது. பல்லும் உங்களோடதுதான். கணக்குல சேரும்." இன்னொரு தடவை கேட்டேன். சேரும் என்றாள். மூன்றாவது தடவை கேட்டபோது கினுயோ என் சட்டையை இழுத்தாள்.

பதினைந்து வருஷம் அந்தச் சந்தில் நீலத்தை விட்டு ஆட்டினேன், அவள் நச்சரிப்புக்குப் பயந்து. வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு நன்றி சொன்னேன். ரத்தம் நின்ற விஷயத்தையும் சொன்னேன். "அன்னிக்கே தெரியும். கத்தலையே நீங்க."

அக்டோபர் 27
கேப் போட்டாயிற்று. "ஓரத்துலதான் அழுக்கு சேரும், நீலத்த விட்டுடாதீங்க" என்றாள் டாக்டர். கதயாகி தின்னலாமா என்று கேட்டேன். டாக்டரும் கினுயோவும் ஒரே மாதிரி முறைத்தார்கள்.

அக்டோபர் 29
டாக்டர் சத்தமாக எண்ணினாள். பத்தொன்பதில் கொஞ்சம் நிறுத்தினாள், வேண்டுமென்றே. இருபது. திரைக்குப் பின்னாலிருந்து "பாஸ்" என்று குரல் வந்தது.

நவம்பர் 8
போனோம், நின்றோம். முராசேயும் வந்திருந்தான். ரிப்பன் கட்டிய மரச்சுத்தியல் ஒன்றை எனக்குப் பரிசாகக் கொடுத்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். படம் எடுப்பவர் பல் தெரியச் சிரிக்கச் சொன்னார். எனக்கு அது பழக்கமில்லை, ஆனால் சுத்தியல் கையிலேயே இருந்ததால் தானாக வந்தது.

நவம்பர் 15
படம் வந்தது. நான் வாய் கொள்ளாமல் சிரிக்கிறேன். பக்கத்தில் கத்தரிப்பூக் கிமோனோவில் கினுயோ. அவள் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை, என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கேமராவப் பாக்கச் சொன்னாங்களே."

"எண்ணிட்டிருந்தேன்."

ஆல்பத்தில் ஒட்டலாமா என்றேன். வேண்டாம், பிரஷ் காயும் ஜன்னலோரம் வைங்க என்றாள்.