வண்டி ஓடட்டும், சொல்கிறேன்

செஞ்சி
9 ஜூன் 2024

அர்ஷத் மச்சானுக்கு,

ஸலாம். ஷார்ஜா வெயில் உங்களை விட்டுவைத்திருக்கிறதா? இங்கே மதியத்தில் ராஜகிரிப் பாறைகள் அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பாத்திரங்கள் மாதிரி நடுங்குகின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் மலை மெல்ல நகர்வது போலத் தோன்றும்.

போனில் பேசினால் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம் மட்டும் என்று நாம் முடிவு செய்தோமே, இதுதான் முதல் கடிதம். கடைசியாகப் பேசியபோது, "சேந்து இருக்கறதா, வெலகறதா, எதுனா ஒண்ணு சொல்லு நிலோ" என்றீர்கள். "உங்க பத்மினி கார் ஓடட்டும், சொல்றேன்" என்றேன். கோபத்தில் வந்த வார்த்தை. ஆனாலும் அதன்படியே செய்யப் போகிறேன்.

உங்கள் தம்பி ஃபர்தீன் ஒரு காயலான் கடைக்காரரைக் கூட்டி வந்தார். "அண்ணி, இந்த பியட்ட வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க? எடைக்குப் போட்டுடலாம்" என்றார். டீ கொடுத்து இருவரையும் அனுப்பிவிட்டேன்.

மகாலட்சுமியை உங்களுக்குத் தெரியாது. தொண்டூர்க்காரி, ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள், பைக் சர்வீஸ் சென்டரில் வேலை. என் கம்ப்யூட்டர் சென்டருக்குப் பிரிண்ட் எடுக்க வந்தவள், வாசலில் நின்ற பத்மினியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இந்தக் கார்புரேட்டரோட எத்தினி நாளைக்கிக்கா மல்லுக்கட்டுவ? கழட்டிப் போட்டுட்டு, புது வண்டிங்க மாதிரி எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வச்சிடலாம். வயரிங் நான். கம்ப்யூட்டர் நீ" என்றாள்.

புதுச் சாமான் வாங்க நமக்கு வசதி இல்லை. உடைக்க வந்த ஒரு மாருதியிலிருந்து, காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியும் பெட்ரோல் பம்பும் கிடைத்தன. எப்போது எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று இன்ஜினுக்குச் சொல்லும் சின்னக் கம்ப்யூட்டரைக் கோயம்புத்தூரில் ஒருவர் கையாலேயே செய்து தருகிறார். உங்கள் கேரேஜில் தினமும் பார்க்கிற வேலைதானே? எதில் கவனமாக இருக்கவேண்டும் என்று எழுதுங்கள்.

நிலோபர்


ஷார்ஜா
27 ஜூன் 2024

அன்பு நிலோபருக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில், லிஃப்டில் தூக்கி நிறுத்திய ஒரு வண்டிக்கு அடியில் உட்கார்ந்து படித்தேன். நீ பத்மினியின் பானட்டைத் திறந்து நிற்பதைக் கற்பனை செய்ய முயன்றேன். கற்பனையில்கூட, "தள்ளு, நான் பாக்குறேன்" என்றுதான் சொல்கிறேன். சிரிக்காதே.

முக்கியமான ஒன்று. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் சொட்டினால் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு அது பெரிய அழுத்தத்தில் பீய்ச்சிக்கொண்டு வரும். பழைய ரப்பர் குழாயை வைக்கவே வைக்காதே, வெடித்துவிடும். அதற்கென்று தனிக் குழாய் உண்டு. அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதே.

பிறகு, ஆக்சிஜன் சென்சார் கட்டாயம் வேண்டும். சைலன்சர் குழாயில் பொருத்துவது. புகையை முகர்ந்து பார்த்து, பெட்ரோல் கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான்.

இங்கே எல்லாம் ஒரே மாதிரி. நீ எப்படி இருக்கிறாய்?

உன் அர்ஷத்


செஞ்சி
14 ஜூலை 2024

மச்சானுக்கு ஸலாம்.

குழாயைப் பற்றி நீங்கள் எழுதியது வந்து சேர்வதற்கு முந்தின நாளே அது வெடித்துவிட்டது.

முதலில் நல்ல செய்தி. பத்மினி பேசியது! சோக்கை இழுக்காமல், ஆக்சிலேட்டரை மிதிக்காமல், சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. தூங்கி எழுந்த குழந்தை மாதிரி முதலில் ஒரு முனகல், அப்புறம் சீரான மூச்சு. மகாலட்சுமி கை தட்டினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குள்ளேயே எங்கோ போய்விட்டேன்.

அந்த நேரம்தான் குழாய் பிளந்தது. சூடான சைலன்சர் குழாய்மேல் பெட்ரோல் பீய்ச்சி வெள்ளையாக ஆவி கிளம்பியது. "அக்கா, சாவிய அணை! எறங்கி ஓடியா!" என்று மகாலட்சுமி கத்தினாள். எனக்குக் கை வரவில்லை. அவளே ஜன்னல் வழியாகக் கையை விட்டு அணைத்து, என்னை வெளியே இழுத்தாள். தீப்பிடிக்கவில்லை. எப்படிப் பிடிக்காமல் இருந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் சட்டை முழுக்கப் பெட்ரோல். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு, "நாளைக்கி வேற கொழா வாங்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். போன வருடம் லீவில் வந்தபோது அந்த ஒரு மாதமும் நீங்கள் இந்தக் காருக்கு அடியிலேயே படுத்திருந்தீர்கள். வெளியே நீட்டியிருந்த உங்கள் கால்கள் மட்டும்தான் எனக்கு லீவில் வந்தன. இப்போது அதே இடத்தில் நான் படுத்துப் பார்க்கிறேன். இருட்டாக, குளுமையாக, யாரும் எதுவும் கேட்காத இடமாக இருக்கிறது. நீங்கள் ஏன் அங்கே இருந்தீர்கள் என்று கொஞ்சம் புரிகிறது.

நிலோபர்


ஷார்ஜா
2 ஆகஸ்ட் 2024

என் நிலோபருக்கு,

கடிதத்தைப் படித்ததும் ஏற்பாட்டை மீறி போன் செய்துவிட்டேன். நீ எடுத்தாய். உன் பக்கம் ஃபேன் ஓடியது, என் பக்கம் கம்ப்ரஸர் ஓடியது. நீ மூச்சு விடுவது கேட்டது. அது போதும் என்று வைத்துவிட்டேன்.

ஒரு உண்மையைச் சொல்கிறேன். குழாய் வெடித்தது என்று படித்தபோது முதலில் பயந்தேன். பயம் போனதும், இந்த வண்டி ஓடாமலே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. ஓடினால் நீ பதில் சொல்லிவிடுவாயே.

ஆனாலும் நம்ம ஊர் சைபுதீன் லீவில் வருகிறார், அவரிடம் சரியான குழாயும் நல்லதாக ஒரு ஆக்சிஜன் சென்சாரும் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். சென்சாரைக் கீழே போட்டுவிடாதே, உள்ளே பீங்கான்.

இன்னொரு விஷயம். முதலாளி குடும்ப விசாவுக்கு ஒத்துக்கொண்டார். அறையிலிருந்து நடந்தால் கடல். வா நிலோ. இந்தத் தடவை நான் எதற்கு அடியிலும் படுக்க மாட்டேன்.

உன் அர்ஷத்


செஞ்சி
22 செப்டம்பர் 2024

அர்ஷத் மச்சானுக்கு,

ஸலாமும் நன்றியும். நீங்கள் அனுப்பிய இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின.

ஓட்டிப் பார்த்துத்தான் பெட்ரோல் கணக்கைச் சரிசெய்ய வேண்டும் என்பதால், மகாலட்சுமி ஓட்ட, நான் மடியில் லேப்டாப்போடு ஊர் ஊராகச் சுற்றினோம். சேத்துப்பட்டு ரோட்டில் மேடு ஏறும்போது இருமியது. ஒரு எண்ணை மாற்றினேன், இருமல் நின்றது. சீயமங்கலம் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் ஓடுவதே காதில் விழவில்லை.

நேற்று விடிந்ததும் தனியாக மண்டகப்பட்டு வரை போனேன். முந்தின நாள் மழை. மலைகள் இடுப்பு வரை பனியில் நின்றன, ரோடு மட்டும் அவற்றுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. நான் ஓட்டுகிறேனா, யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போகிறார்களா என்று தெரியவில்லை. குகைக்கோயில் பக்கம் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

உங்களைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தேன். பிறகு நீங்கள் ஓட்ட, நான் பக்கத்தில் இருப்பதாகப் பார்த்தேன். கடலோர அறையில் நாம் இருவரும் இருப்பதாகவும் பார்த்தேன். எதிலும் உங்கள் முகம் நிற்கவில்லை. லிஃப்டுக்கு அடியில் உட்கார்ந்து என் கடிதத்தைப் படித்து எனக்குப் பதில் எழுதுகிற ஒருவர் மட்டும் தெளிவாகத் தெரிந்தார். அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, மச்சான். ஆனால் அவரோடு நான் ஒருநாள்கூடக் குடும்பம் நடத்தியதில்லை. நடத்த ஆரம்பித்தால் அவர் போய், பழைய நாம் இரண்டு பேரும் வந்துவிடுவோம்.

வண்டி ஓடிவிட்டது. அதனால் சொல்கிறேன். நாம் விலகிவிடலாம். ஜமாத்தில் நானே பேசிக்கொள்கிறேன், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. அதைத்தான் நேற்று அங்கே உட்கார்ந்து ரொம்ப நேரம் தேடிப் பார்த்தேன்.

வண்டியை நீங்கள் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

நிலோபர்


ஷார்ஜா
11 அக்டோபர் 2024

நிலோபருக்கு,

படித்தேன். கடற்கரைக்குப் போய் மறுபடியும் படித்தேன். நீ சொல்லும் அந்த ஆள் எனக்கும் புதியவன்தான். உனக்கு எழுதும்போது மட்டும் வருகிறான்.

சரி, நிலோ. ஜமாத்தில் கேட்டால் சம்மதம் என்று சொல்வேன். வண்டி உன்னுடையது. ஃபர்தீனிடமும் சொல்லிவிட்டேன்.

ஒன்றைக் கவனித்துக்கொள். நீங்கள் கணக்குப் போட்டதெல்லாம் குளிர் இல்லாத நாட்களில். மார்கழியில் ஒரு விடியற்காலை அது பிடிக்காமல் அடம் பிடிக்கும். எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்துவிடாதே, எதையும் கழற்றாதே. குளிரில் எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்று அதற்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. சூடேறும்வரை அவசரப்படுத்தாதே.

ஓடும்.

அர்ஷத்