தயாபரன் பெயரில் ஒரு கடை

2024 ஜனவரி 22, திங்கள்

பக்கத்துப் புடவைக்கடைப் பெயர்ப்பலகையை இன்று கழற்றினார்கள். பாறூக் நானா புத்தளத்துக்கே திரும்பிப் போகிறார். அந்த இடத்துக்கு ஒரு லீசிங் கம்பனி வருகிறதாம். பேக்கரி போன வருடமே கைத்தொலைபேசிக் கடையாகிவிட்டது. எதிரே குருநாகலில் இருந்து வந்தவர் பிளாஸ்ரிக் சாமான் பரப்பியிருக்கிறார். கிளிநொச்சியில் இந்த வரிசையில் பழைய ஆள் இனி நான் ஒருத்திதான்.

"தங்கச்சி, ஒங்கட கடையையும் கேப்பாங்க, பாத்துக்கோங்க" என்றார் நானா. எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தடிக்கு எட்டடி. ஒரு போட்டோக்கொப்பி மெசின், ஒரு லமினேற்றிங் மெசின். இதை யார் கேட்கப் போகிறார்கள்?

பெப்ரவரி 5

கேட்டுவிட்டார்கள். கட்டடச் சொந்தக்காரர் பரமலிங்கம் கனடாவில். அவருடைய மச்சான் யோகநாதன் வந்து கதைத்தார். வரிசை முழுவதையும் இடித்து மூன்று மாடி கட்டப் போகிறார்களாம். பழைய ஆட்களுக்குக் கீழ்த்தட்டில் கடை உண்டு. ஆனால் உடன்படிக்கை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான்.

என் கடை என் கணவர் தயாபரன் பெயரில் இருக்கிறது. 2005இல் அவர் போட்ட கையெழுத்து. சண்டையில் கடை தரைமட்டமாகி, 2011இல் திருப்பிக் கட்டியபோதும் நான் பெயரை மாற்றவில்லை. மாற்றினால் அவர் இனி வரமாட்டார் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

பெப்ரவரி 7

ஆளைக் காணவில்லை என்ற சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. காட்டினேன். யோகநாதன் சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"இது மட்டும் காணாது அக்கா. நாளைக்கு அண்ணை வந்து நிண்டு கடையைத் தா எண்டால் நாங்கள் என்ன செய்யிறது? மரணச் சான்றிதழ் எடுங்கோ."

"வந்து நிண்டால் சந்தோசப்படுங்கோவன்" என்றேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். ஜூன் முடிவதற்குள் வேண்டுமாம்.

பெப்ரவரி 10, சனி

மாமி விசுவமடுவிலிருந்து வந்தார். சனிக்கிழமை என்றால் காணாமல் போனவர்களின் ஆட்கள் நீதி கேட்டு இருக்கும் பந்தலில் மகன் தயாபரனின் படத்தோடு இருந்துவிட்டு, என்னிடம் வந்து சாப்பிட்டு, ஐந்து மணி பஸ்ஸில் போவார். இன்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"வெயில் மாமி."

வெயிலாம்! எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 2

காணாமல் போன கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்த எத்தனை பெண்களுக்கு அதைக் கொப்பி எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒவ்வொரு முறையும் மனதுக்குள் நினைத்திருக்கிறேன் - நான் எடுக்கமாட்டேன் என்று. எவ்வளவு திமிர்.

மகள் தர்மிளா வவுனியா கம்பஸிலிருந்து போன் எடுத்தாள். "எடுங்கோ அம்மா. கடை இல்லாட்டி என்ன செய்யப் போறீங்கள்? நான் என்ன செய்யிறது?" அவளுக்கு அப்பா என்றால் அந்தப் படம் மட்டும்தான். அவளோடு கோபித்துப் போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

மார்ச் 13

பிரதேச செயலகத்தில் மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்தேன்.

"இறந்த திகதி?" என்று கேட்டார் அங்கே இருந்தவர்.

தெரியாது என்றேன்.

"ஏதாவது ஒண்டு போடத்தானே வேணும் அம்மா."

2009 மே 18 என்றேன். சண்டை முடிந்து சனம் வெளியேறிய வட்டுவாகல் பாலத்தடியில் அவரைக் கடைசியாகக் கண்ட நாள். தண்ணிப் போத்தலை என் கையில் தந்து, "பிள்ளையைப் பிடி, பின்னால வாறன்" என்றவர். உயிரோடு என்னோடு கதைச்ச நாளையே செத்த நாள் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். என்ன மனுசி நான்?

ஜூன் 12

வந்துவிட்டது. இரண்டு கொப்பி எடுத்தேன். ஒன்று யோகநாதனுக்கு. மற்றது வர்த்தகர் சங்கச் செயலாளர் நல்லதம்பி அண்ணைக்கு. பெயர் மாற்றத்துக்குச் சங்கத்தின் கடிதமும் வேண்டும்.

சனிக்கிழமை மாமியிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சாப்பிட வைத்துவிட்டுச் சொல்லலாம்.

ஜூன் 15, சனி

காலையில் கடைக்குப் போனால் வாசலை மறைத்து ஒரு பதாகை. கண்ணீர் அஞ்சலி. தயாபரனின் படம். உதிர்வு 18.05.2009. வரிசை முழுக்கச் சட்டர் பாதி இறக்கியிருந்தது.

சங்க ஆட்கள் வீட்டில் சாவு என்றால் பதாகை கட்டி, ஒரு மணித்தியாலம் பாதிச் சட்டர் இறக்குவது வழக்கம். எத்தனை பேருக்கு நானும் இறக்கியிருக்கிறேன். என்னிடமும் ஒரு சொல் கேட்டிருக்கலாமே! நல்லதம்பி அண்ணை கண் கலங்கி நின்றார். "இவ்வளவு காலமும் தயாபரனுக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு எங்களுக்கும் மனக்குறை பிள்ளை. சான்றிதழ் வந்தாப்பிறகுதானே செய்யலாம்."

"கழட்டுங்கோ அண்ணை, கழட்டுங்கோ" என்று கத்தினேன். ஒரு பக்கக் கயிறுதான் அவிழ்ந்தது. அதற்குள் விசுவமடு பஸ் வந்து கடைக்கு முன்னால் நின்றது.

மாமி இறங்கினார். வாசித்தார். மாமிக்கு வாசிக்கத் தெரியும்.

"ஆர் கண்டது?" என்றார். "நீ கண்டனியோ? அவன் செத்ததைக் கண்டனியோ?"

"கடைக்காகத்தான் மாமி. தர்மிளாவுக்கு—"

"கடைக்கு என்ரை பிள்ளையைக் குடுத்திட்டியோ?"

எல்லாரும் பாதிச் சட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்து பார்த்தார்கள். மாமி படப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பந்தல் பக்கம் நடந்தார். சாப்பிட வரவில்லை. ஐந்து மணிவரை சோற்றை மூடி வைத்திருந்தேன்.

ஜூன் 22

வரவில்லை.

ஜூலை 20

பந்தலுக்கு வருகிறாராம். என் கடைக்கு முன்னால் இறங்குவதில்லை, அடுத்த தரிப்பில் இறங்கி நடக்கிறாராம். எழுபத்து நான்கு வயதில், அந்த முழங்காலோடு. போன் எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

2025 பெப்ரவரி 14

புதுக் கடை. கண்ணாடிக் கதவு, வெள்ளை மாபிள். பலகையில் 'கௌசலா கொமினிகேசன்'. என் பெயர்தான். ரோட்டில் நின்று பார்த்தால் யாரோ ஒருத்தியின் கடை மாதிரி இருக்கிறது. தர்மிளா படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள்.

மார்ச் 9, ஞாயிறு

விசுவமடுவுக்குப் போனேன். மாமி ஏசவில்லை. கதிரை இழுத்துப் போட்டார், தேத்தண்ணி தந்தார். அப்பாடா என்றிருந்தது. தர்மிளாவின் கம்பஸ் சோதனை முடிவைச் சொன்னேன், கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது குடும்பப் பதிவு புதுப்பிக்கக் கிராம சேவகர் கந்தோரிலிருந்து ஒரு பெண்பிள்ளை பைலோடு வந்தாள்.

"வீட்டில ஆரார் அம்மா?"

"நானும் மகனும்."

"மகன் எங்கை?"

"வருவான். எழுது."

அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பி, "இவா?" என்றாள்.

"இவா கிளிநொச்சியில கடை வச்சிருக்கிற ஆள்" என்றார் மாமி.

பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினேன்.