காய்ச்சலை மறைத்த அண்ணைக்கு

என் பாசமுள்ள அண்ணை,

பாசம் என்று எழுதிவிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் நீங்கள் செத்து முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகும், உங்கள் மேல் எனக்கிருக்கிற கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவுக் கூட்டம். பங்குக் கோயிலின் இளைஞர் மன்றத்தைத் தொடங்கியவர், குருநகர்ப் பெடியளைக் காலையில் ஓடவைத்தவர், கொதித்தாறின தண்ணீர் குடிக்கப் பழக்கியவர் என்றெல்லாம் பேசுவார்கள். அத்தனையும் உண்மைதான். எங்கள் தம்பி சவிரியைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சண்டையால் கடலுக்குப் போகக்கூடாது என்று ஆமி தடை போட்டிருந்த காலம். வள்ளங்கள் கரையில் காய்ந்துகொண்டு கிடந்தன. உங்களுக்குச் சங்கக்கடையில் வேலை இருந்தது. சவிரிக்குக் கடலைத் தவிர என்ன தெரியும்? பத்தொன்பது வயதில் பகல் முழுக்கச் சும்மா இருந்தவன் கள்ளுக்குப் பழகினான். நீங்கள் ஒருநாளாவது அவனைப் பக்கத்தில் இருத்தி, "ஏன்ரா?" என்று கேட்டீர்களா?

கேட்கவில்லை. பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம் நடந்தபோது, குடிப்பவர்களின் பெயர்களையும் சிகரெட் பிடிப்பவர்களின் பெயர்களையும் கரும்பலகையில் எழுதினீர்கள். முதல் பெயர் அவனுடையது. "என்ரை தம்பியெண்டாலும் எனக்கு ஒண்டுதான்" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

சவிரி எழும்பினான். "அண்ணை, வீட்டிலை சொல்லியிருக்கலாமே."

"வீட்டிலை சொன்னால் நீ கேக்கமாட்டாய். வெக்கம் வந்தால்தான் திருந்துவாய்."

அன்று பின்னேரமே அவன் மயிலிட்டிக்கு, சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டான். அம்மா எத்தனை தரம் கெஞ்சினா! "ஒருக்காப் போய்க் கூட்டிக்கொண்டு வாவன், ராசா." நீங்கள் சோற்றுக் கோப்பையை விட்டுத் தலை நிமிரவில்லை. "குடியை விட்டிட்டு வரட்டும்." அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அவன் பெயரையே நீங்கள் சொல்லவில்லை.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. எங்கே கொதிக்காத பச்சைத் தண்ணீர் குடித்தீர்களோ, கர்த்தருக்குத்தான் தெரியும். சட்டைப்பையில் பனடோலை வைத்துக்கொண்டு, காலையில் பெடியளோடு ஓடப் போனீர்கள். ஓடிவிட்டு வந்து வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

"என்ன அண்ணை, உடம்பு இப்பிடிக் கொதிக்குது?"

"ஒண்டுமில்லை. ஆருக்கும் சொல்லிப்போடாதை. தண்ணியைப் பற்றிப் பேசினவனுக்கே காய்ச்சல் எண்டு சிரிப்பாங்கள்."

நான் சொல்லவில்லை. அந்தப் பாவத்தையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

நீங்கள் விழுந்த பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெருப்புக் காய்ச்சல், அதுதான் டைபொயிட், முற்றிக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். "ஏன் முதலே கொண்டுவரேல்லை?" என்று டொக்டர் அம்மாவை ஏசினார். அம்மாவுக்கு என்ன தெரியும்? வெட்கம் வந்தால் ஆள் திருந்தும் என்றீர்களே, வெட்கம் வந்தால் ஆள் மறைப்பான், அண்ணை. நீங்களே மறைத்தீர்களே.

அடக்கத்துக்குச் சவிரி வந்தான். ஒரு சொட்டும் குடிக்காமல் வந்தான். உங்கள் பெட்டியைத் தூக்கினான். உங்களைப் புதைத்துவிட்டுச் சேமக்காலையிலிருந்து திரும்பும்போது என்னைக் கேட்டான்: "அக்கா, அண்ணை என்னை ஒருக்காலெண்டாலும் விசாரிச்சவரோ?"

"ஓம். கடைசியா உன்னைத்தான் கேட்டவர்."

றோட்டோரத்தில் குந்தியிருந்து அழுதான். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியதை நான் பொய்யாகச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காகவே உங்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

மன்றத்தை இனி நான் நடத்தவேணுமாம். ஓம் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எழும்பி, எங்கள் அண்ணை எதனால் செத்தார், ஏன் ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போனார் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லப்போகிறேன். "செத்தவனைச் சபையிலை இழுக்காதை, பிள்ளை" என்கிறா அம்மா. நீங்கள் தம்பிக்குச் செய்ததைத்தான் நானும் உங்களுக்குச் செய்கிறேனா? இருக்கலாம். ஆனால் அங்கே இருக்கிற பிள்ளைகளில் யாராவது இப்போதும் எதையாவது மறைத்துக்கொண்டிருந்தால்?

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணுகிறேன். காய்ச்சலென்றாலும் குடியென்றாலும் எந்தப் பிள்ளையும் என்னிடம் வந்து சொல்லலாம். முதலில் நான் "சாப்பிட்டியா?" என்று கேட்பேன். அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

உங்கள் தங்கை, சவிரியின் அக்கா,
திரேசா