காளான் மாவு

பிப்ரவரி 17, 2010. சாம்பல் புதன்

நெற்றிச் சாம்பலோடு நேராகப் பள்ளிக்கூடம். பிளஸ் ஒன்னுக்குப் பூஞ்சைப் பாடம் ஆரம்பித்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் சிப்பிக்காளான் பறித்துக்கொண்டே என் மனைவி அற்புதமேரி கேட்டாள்: தவக்காலத்தில் கறி கூடாது, சரி, காளான் கறியா, காயா? இரண்டும் இல்லை, அதற்குத் தனி உலகமே ஒதுக்கிவிட்டார்கள் என்றேன். செடி மாதிரி வெயிலில் சமைத்துக்கொள்ளத் தெரியாது. மிருகம் மாதிரி வாயும் கிடையாது. கிடைக்கிற வைக்கோலைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். "அப்போ ஃபாதருக்கும் தெரியாது, விடுங்க" என்று சிரித்தாள்.

ஈஸ்டர்வரைக்கும் திண்டிவனத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எங்கள் காளானுக்குத்தான் கிராக்கி. மேரிக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது, ஈஸ்டர் பாட்டு ஒத்திகை. பாடகர் குழுவில் முதல் குரல் அவள்தான். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

பிப்ரவரி 26, வெள்ளி

வெள்ளிக்கிழமை வாங்க வரும் கூட்டத்துக்காக வியாழன் காளானைப் பறிக்காமல் விட்டுவைக்கிறோம். ஒரு நாளில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. யோசனை என்னுடையது. மேரிக்குப் பிடிக்கவில்லை. விளிம்பு மேலே திரும்புவதற்குள் பறித்துவிட வேண்டும் என்று காளான் வளர்ப்பு ட்ரெய்னிங்கில் சொன்னார்களாம். ருசிக்காகச் சொல்லியிருப்பார்கள், பெரிதாக இருந்தால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்றேன்.

காளான் முளைக்கும் வைக்கோல் பைகள் மேலெல்லாம் வெள்ளையாக மாவு. அவள் தலையிலும். கல்யாணப் பெண் மாதிரி பவுடர் போட்டிருக்கிறாயே என்று கிண்டல் செய்தேன்.

மார்ச் 9

மேரிக்கு இருமல். சாயங்காலமானால் காய்ச்சல். கஷாயம்.

மார்ச் 16

நாலு நாள் பிரம்மதேசத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள், இருமலே இல்லையாம். வந்து கொட்டகையில் நுழைந்த அன்றே திரும்ப ஆரம்பித்துவிட்டது. அம்மாவைப் பிரிந்த ஏக்கமா என்று கேட்டேன். முறைத்தாள்.

மார்ச் 20, சனி

விழுப்புரம் போய் நெஞ்சு டாக்டரைப் பார்த்தோம். எக்ஸ்ரே எடுத்தார். காசநோய் இல்லை, மாதாவுக்கு நன்றி. வீட்டில் புறா வளர்க்கிறீர்களா, பஞ்சு மில் வேலையா, தூசியில் புழங்குகிறாளா என்று வரிசையாகக் கேட்டார். அதெல்லாம் ஒன்றும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறாள் என்றேன். பயாலஜி வாத்தியார் என்றும் சொல்லிக்கொண்டேன். மாத்திரை கொடுத்தார்.

ஏப்ரல் 4, ஈஸ்டர்

அல்லேலூயாவை மேரிதான் எடுத்தாள். இரண்டாவது அடியில் மூச்சு நின்று இருமல் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற மெர்லின் வாங்கிப் பாடி முடித்தாள்.

ஜூலை 15, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

வருஷா வருஷம் செய்து காட்டுவதுதான். விரிந்த காளான் ஒன்றைக் கறுப்புச் சார்ட்டில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி நேற்று லேபில் வைத்துவிட்டு வந்தேன். இன்று தூக்கினால் காளானின் அடியிதழ்கள் அத்தனையும் வெள்ளைக் கோடு கோடாகத் தாளில். இதுதான் ஸ்போர், காளானுக்கு விதை மாதிரி, விரிந்த காளான் கோடிக்கணக்கில் உதிர்க்கும், காற்றில் பறந்து போய் முளைக்கும் என்று சொல்லிக்கொண்டே விரலால் தொட்டுக் காட்டினேன்.

விரலில் வெள்ளை மாவு. மேரி தலையில் இருந்த அதே மாவு.

ஏன்டா ஸ்டீபன்ராஜ், இருபது வருஷமா போர்டுல வரைஞ்சிக்கினு இருக்கியே, உன் கொட்டகையில பறக்கறது என்னன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? டாக்டர் கேட்டாரே, வாய் திறந்து காளான்னு சொல்ல என்ன கேடு? சாப்பிடுற பொருள்தானேன்னு விட்டுட்டியே. உன் பொண்டாட்டி நாள் பூரா அதைத்தானே மூச்சா இழுத்துக்கினு இருந்தா —

ஜூலை 17

அன்றைக்கே சொல்லியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதே சார் என்றார் டாக்டர். கொட்டகைப் பக்கமே போகக்கூடாது. நுரையீரலில் தழும்பு விழுந்த இடம் திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம்.

பஸ்ஸில் மேரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கே சொல்ல வாயெடுத்தேங்க. அதுக்குள்ள நீங்க பதில் சொல்லிட்டீங்க."

ஆகஸ்ட் 1

கொட்டகையைப் பிரித்தாயிற்று. மிச்ச வைக்கோலைப் பக்கத்து நிலத்துச் சக்கரபாணி மாட்டுக்கு எடுத்துப் போனார்.

டிசம்பர் 5

பாடகர் குழுவிலிருந்து மேரி நின்றுகொண்டாள். மெர்லினுக்கு விட்டுக்கொடுக்கணும், சின்னப் பெண்கள் பாடட்டும் என்கிறாள். நல்ல மனசு. இருமலும் குறைந்திருக்கிறது.

மே 7, 2011, சனி

விழுப்புரம். எப்படி இருக்கிறது என்று டாக்டர் வழக்கம்போல என்னைப் பார்த்துதான் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. மேரி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"மாடிப்படி ஏறிடறேன் டாக்டர். தண்ணி தூக்கறேன். இருமலும் இல்ல" என்றாள். பிறகு, "பாடத்தான் மூச்சு பத்தல. ஒரு அடி முடியறதுக்குள்ள நின்னுடுது. அதான் கோயில் பாட்டுக் குழுவிலேர்ந்து நின்னுக்கினேன்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.